ஜாலி மூடி

பழையபேட்டை போர்வெல் தண்ணீருக்கு
ஞாபகசக்தி அதிகம்.
ஒரு நாள் விட்டால் டைல்ஸில் வெள்ளையாய் எழுதிவைக்கும்.
இரண்டு நாள் விட்டால் குழாய் மூக்கில் பொருக்கு.
ஒரு வாரம் விட்டால்
வீட்டுக்காரர் சென்னகேசவலு வந்து நின்று
அட்வான்ஸைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்.

அதனால் எனக்கென்று ஒரு முறை உண்டு.
செவ்வாய் பக்கெட்டைக் கவிழ்த்து
அடியிலிருக்கும் வழுவழுப்பைத் தேங்காய்நாரால் தேய்ப்பேன்.
வெள்ளிக்கு ப்ளீச்சிங் பவுடர்.
இருப்பது பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்,
மேலே 'தின்னாதே' என்று சிவப்பு மையில் நானே எழுதியது.
பித்தளைக் குழாய்க்கு
ரசத்துக்குக் கரைத்த புளியின் சக்கை.
ஞாயிறு ஸ்டூல் போட்டு ஏறி
வென்டிலேட்டர் கண்ணாடியைத் துடைத்தால்
மூன்று பட்டையாய் சையத் பாஷா மலை தெரியும்.
அடுத்த ஞாயிறுக்குள் மலை மங்கிவிடும்.
டோல்கேட்டில் எட்டு மணிநேரம்
சில்லறையோடு சேர்த்து லாரிப்புகையையும் வாங்கிப்போடுகிறவனுக்கு
ஒரு இடமாவது பளிச்சென்று இருக்கவேண்டாமா.

ஜாலி மூடியை மட்டும்
மாதத்துக்கு ஒருதரம்தான் தூக்குவேன்.
ஒளிப்பானேன், அருவருப்பு.

ஐப்பசியில் மாதம்மாவுக்கு டெங்கு வந்தது.
ஒன்பது நாள் பெரியாஸ்பத்திரி.
தேறி, ரவுண்டானா ஜெராக்ஸ் கடைக்கு
மறுபடி வேலைக்கும் போய்விட்டாள்.
தை பிறந்ததும் முடி கொட்ட ஆரம்பித்தது.
"காய்ச்சல் போன மூணாம் மாசம் அப்படித்தாம்மா,
தானா நிக்கும்" என்றார் டாக்டர்.
அவள் நம்பவில்லை.
காலை அவசரத்தில் கண்டுகொள்ளமாட்டாள்,
சாயங்காலம் முகம் கழுவப் போகிறவள்
ஜாலியருகே குனிந்தபடியே வெகுநேரம் நிற்பாள்.
எண்ணுகிறாள் என்று எனக்குப் புரிய
நான்கு நாள் ஆனது.

ஐந்தாம் நாளிலிருந்து
அவள் கடைக்குக் கிளம்பியதும்
மூடியைத் தூக்கினேன்.
சோப்பும் முடியும் சேர்ந்து
ஏதோ பறவை கட்டி முடிக்காமல் விட்ட கூடுபோல இருந்தது.
பழைய டூத்பிரஷால் வழித்து
தினத்தாளில் மடித்து
தெருமுனைக் குப்பைத்தொட்டி வரை கொண்டுபோனேன்.
வீட்டுத் தொட்டியில் போட்டால் பார்த்துவிடுவாள்.

அருவருப்பு எப்போது போனது என்று தெரியவில்லை.

பத்து நாள் கழித்து
அக்காவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்:
"நின்னுடுச்சு போலக்கா.
பாத்ரூம்ல ஒண்ணுகூட இல்ல."
அன்று ராத்திரி
இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள்.
சுத்தம் சோறு போடும் என்று
பள்ளிக்கூடச் சுவரில் படித்தபோது
இப்படிப் போடும் என்று யார் கண்டது.

ஆனால் மாட்டிக்கொண்டேன்.
பொய்யை வாயால் சொல்லியிருந்தால்
ஒருதரம் சொன்னால் போதும்.
இதை தினமும் காலையில்
முட்டிபோட்டுச் சொல்லவேண்டியிருந்தது.

மாசியில் ஒரு நாள்
மாற்றாள் வரவில்லை, டபுள் டூட்டி.
விடியுமுன் போனவன் கூண்டுக்குள் உட்கார்ந்து
ஜாலியையே நினைத்துக்கொண்டிருந்தேன்.
நாமக்கல் வண்டிக்காரர் ஒருவர்
"அண்ணே, நூறு ரூபா ஜாஸ்தி குடுத்திட்டீங்க" என்று
திருப்பித் தந்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வர மணி ஒன்பதரை.
செருப்பைக் கழற்றியும் கழற்றாமலும் பாத்ரூமுக்குப் போனேன்.
தரை துடைத்திருந்தது.
பக்கெட் கவிழ்ந்திருந்தது, அன்றைக்குச் செவ்வாய் இல்லை.
மூடியைத் தூக்கினேன்.
ஒன்றுமில்லை.

கைப்பிடி உடைந்த மக்கில்
நான் வைத்த இடத்திலேயே டூத்பிரஷ்.
தொட்டுப் பார்த்தேன்.
ஈரமாக இருந்தது.

"மூஞ்சி கழுவிட்டு வாங்க, கொழம்பு ஆறுது"
என்றாள் உள்ளேயிருந்து.

கழுவினேன்.
தண்ணீர் தடங்கலில்லாமல் போயிற்று.